மாசுபட்ட கிணறுகளும் துளைபட்ட கைகளும்

வேலூர்த் தீர்ப்பைச் சிறுமலை அடிவாரத்திலிருந்து வாசித்தல்

சிறுமலைக்குத் தியானக் கூடுகைக்காகச் செல்லும் இறையியல் மாணவர்கள், கொண்டை ஊசி வளைவுகளுள் ஏதேனும் ஒன்றில் வண்டியை நிறுத்தித் திண்டுக்கல் சமவெளியைக் குனிந்து பார்ப்பது வழக்கம். நகரின் ஓரத்தில் மலைக்கோட்டைப் பாறை; அதைச் சுற்றிக் குளங்கள், தோப்புகள், கூரைகள். மலைவாழையைக் குறித்தும் மூலிகைகளைக் குறித்தும் பேசிக்கொண்டு வந்தவர்கள் அங்கே சற்று மௌனமாகிவிடுவர். படைப்பைக் குறித்த பிரசங்கம் ஒன்று அவ்விடத்திலேயே மனத்தில் உருவாகத் தொடங்கிவிடும். இக்கட்டுரையாளரும் அவ்வாறு பல பிரசங்கங்களை உருவாக்கியவர்தாம். அவற்றுள் ஒன்றேனும் கீழேயுள்ள தோல் ஷாப்புகளுக்குள் வேலை செய்வோரைக் குறித்ததாக இருந்ததில்லை. அது ஏன் என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

அச்சமவெளியைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதிய ஆவணம் ஒன்று உண்டு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் வழங்கிய தீர்ப்பே அது. பெயரில் வேலூர் இருப்பினும், அக்காலத்து வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கை ஆகிய ஐந்து மாவட்டங்களில் இயங்கிய 900க்கு மேற்பட்ட தோல் பதனிடும் தொழிற்சாலைகளை அது நேரே கட்டுப்படுத்தியது. முன்னெச்சரிக்கை நெறியும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அதில் நிறுவப்பட்டது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து ஈடு வழங்க அதிகார அமைப்பு ஒன்றை ஏற்படுத்துமாறு நடுவண் அரசுக்கு ஆணையிடப்பட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் முதலில் கற்பிக்கப்படும் சுற்றுச்சூழல் தீர்ப்புகளுள் இது ஒன்று.

நம் மறையுரைகளிலும் இத்தீர்ப்பின் சுவடு ஆழமாகப் பதிந்துள்ளது. தென்னிந்தியத் திருச்சபை ஆண்டுதோறும் ஆசரிக்கும் சுற்றுச்சூழல் ஞாயிறன்று நம் மேடைகளிலிருந்து எழும் சொற்களை உற்றுக் கேட்பின், நீர், நிலம், விளைச்சல், வருங்காலத் தலைமுறை என்று அத்தீர்ப்பின் வரிசையே திரும்ப ஒலிப்பது புலனாகும். ஆதலின் அதனை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு திறனாய்வது இறையியலாருக்குப் புறம்பான வேலையன்று. நாம் திருமறைப் பகுதியைப் படிக்கும்போது, யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசப்படுகிறது, யார் அங்கே நின்றும் பேசாதிருக்கிறார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அதே கேள்விகளை இங்கும் கேட்கலாம்.

தீர்ப்பின் வலிமை அதன் விவரங்களில் இருக்கிறது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. குரோம் முறையில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டது. நம் பகுதியைப் பற்றிய செய்தி தனியே குறிக்கத்தக்கது. தொண்டு நிறுவனம் ஒன்று திண்டுக்கல் ஒன்றியத்திலும் அண்டை ஒன்றியத்திலும் 13 சிற்றூர்களில் எண்ணிப் பார்த்தபோது, குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தன. அந்த அண்டை ஒன்றியம் ரெட்டியார்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் அச்சு வடிவங்களில் அது 'பெத்தியார் சத்திரம்' என்று பிழைபட நிற்கிறது. எழுத்துப் பிழை சிறிதே. எனினும், கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுப் பழகிய நமக்கு, எழுதினவரின் கண் எதன்மேல் கூர்மையாக இருந்தது, எதன்மேல் அவ்வளவாக இல்லை என்பதை இத்தகைய இடறல்கள் காட்டிக்கொடுப்பது புதிதன்று.

கிணறுகள் எண்ணப்பட்டன, ஹெக்டேர்கள் எண்ணப்பட்டன, தொழிற்சாலைகள் எண்ணப்பட்டன. தொழிற்சாலைகளுக்குள் இருந்தவர்கள் எண்ணப்பட்டார்களா? தோல் தொழில் அந்நியச் செலாவணியை ஈட்டுகிறது, வேலைவாய்ப்பையும் அளிக்கிறது, எனினும் சூழலைக் கெடுக்க அதற்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு வாதிடும் இடம் ஒன்று உண்டு. தொழிலாளர் அங்கே 'வேலைவாய்ப்பு' என்னும் சொல்லாக வருகின்றனர். அதுவும் தொழிலுக்குச் சார்பான தட்டில் வைக்கப்பட்ட எடையாக. கெடுதலுக்கு உட்பட்ட உடல்களாக அவர்கள் தராசில் ஏற்றப்படவில்லை. குரோமியம் ஆற்றை அடைவதற்கு முன் யார் கையைக் கடந்து சென்றது என்ற கேள்வி அந்நெடிய ஆவணத்தில் எழவே இல்லை.

இக்கேள்வி எனக்கும் நெடுநாள் எழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லைச் சார்ந்த சபையொன்றில் பணியாற்றுகையில், திருவிருந்தில் அப்பத்தைப் பெற நீட்டப்பட்ட கைகளுள் ஒரு முதியவரின் கைகள் என் கண்ணில் நிலைத்தன. விரல்களின் ஓரத்திலும் நகக்கண்களிலும் துளையாணி கொண்டு தோண்டியதுபோல் வட்ட வட்டமான குழிவடுக்கள். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர், அது சுண்ணாம்பு தின்ற புண் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறு எண்ணிக்கொண்டே சில ஆண்டுகள் அக்கைகளில் அப்பத்தை வைத்திருக்கிறேன். மௌன ஜெபத்தின்போது அவர் அமரும் பக்கமிருந்து மெல்லிய சீழ்க்கை ஒலி ஒன்று கேட்கும். வயதானவரின் மூச்சு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் ஆராதனை முடிந்தபின் கேட்டேன். “அது பழசுங்க ஐயா, வலிக்காது. குரோம் காய்ச்சுனப்ப வந்தது” என்றார்.

அவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள வேதியியல் சிறிது வேண்டும். திண்டுக்கல்லில் முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலிய பட்டைகளைக் கொண்டே தோல் பதனிடப்பட்டது. அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். குரோம் முறையை ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் சோதித்துப் பரப்பினார். ஆனால் அது நம் சிற்றூர்களின் ஓரம் வரை வந்தது 1970களுக்குப் பின்னரே. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுமையாக முடித்த தோலையே அனுப்ப வேண்டும் என்று சீதாராமய்யா குழு பரிந்துரைக்க, அரசின் கொள்கை அத்திசையில் திரும்பியது. குரோம் முறையில் டிரம்முக்குள் ஒரு நாளிலேயே தோல் பதமாகி நீலநிறம் கொள்கிறது.

குரோமியம் இரு வேறு நிலைகளில் தொழிலாளரை அணுகுகிறது. டிரம்மில் இடப்படும் குரோமியம் சல்பேட்டு மூன்று இணைதிறன் உடையது. அது பெரும்பாலும் தோல் அழற்சியையும் ஒவ்வாமையையும் தருவது; உடலணுக்களுக்குள் எளிதில் புகாதது. அந்தச் சல்பேட்டு எதிலிருந்து செய்யப்படுகிறதோ அந்த டைகுரோமேட்டு உப்பு ஆறு இணைதிறன் உடையது, செம்மஞ்சள் நிறமானது, உடலணுவுக்குள் தடையின்றி நுழைவது. கையில் சிறு கீறல் இருந்தால் போதும், அவ்விடத்தைக் குடைந்து எலும்பின் அருகே செல்லும். அந்தப் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே எவரும் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை. அதன் தூசும் ஆவியும் மூக்கின் நடுச்சுவரைத் துளைத்துவிடும். துளை சிறிதாயின் மூச்சுவிடுகையில் சீழ்க்கை ஒலிக்கும். நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதரில் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் வகுப்பில் வைத்தது.

அம்முதியவர் பணிபுரிந்த காலத்தில் ஆயத்தச் சல்பேட்டு வாங்கும் வசதி இல்லாத ஷாப்புகளில், டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் ஆலைக் கழிவுப்பாகையும் தொட்டியில் கலந்து, அங்கேயே குரோம் கரைசலைத் தயாரித்தனர். கலக்கும்போது கொதித்துப் பொங்கும், ஆவி எழும்பும். நீளக் கழியால் கிண்டியவர் அவர். கையுறை? “கொடுத்தா வழுக்கும்னு நாங்களே கழட்டிருவோம்” என்றார். பழியைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும் அந்த மொழியை நான் சபை ஊழியத்தில் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன். வழுக்காத கையுறையையும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியையும், மூடிய கலனையும், ஆண்டுக்கு ஒருமுறை மூக்கைப் பார்க்கும் மருத்துவரையும் ஏற்பாடு செய்யும் கடமை எவருடையது என்ற கேள்வியே எழாத இடத்தில்தான் கையுறையைக் கழற்றியவர் குற்றவாளி ஆகிறார்.

இனித் தீர்ப்புக்குத் திரும்புவோம். வழக்குத் தொடுத்தவர்கள் நீரையும் நிலத்தையும் பற்றியே முறையிட்டனர்; கேட்காத ஒன்றை நீதிமன்றம் தரவில்லை என்று குறைகூறலாமா என ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கேட்கப்பட்ட எல்லைக்குள் நிற்கும் தீர்ப்பன்று இது. பன்னாட்டு மாநாடுகள் வரை கைநீட்டி நெறிகளைக் கொண்டுவந்த தீர்ப்பு. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை அது எடுக்கவில்லை என்பதே என் குறை. 1995 ஜனவரி 27 அன்று, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் பற்றிய வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியிருந்தது. ஒவ்வொரு தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகளோ வேலை நீங்கியபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டும் என்றும் ஆணையிட்டிருந்தது. நோய் மெல்ல வருவது. ஆளோ அதற்குள் வேலையை விட்டுப் போயிருப்பார். பதிவேடு ஒன்றே இரண்டையும் இணைக்கும் என்பதை அந்நீதியரசர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். அந்த ஆணை வெளிவந்து இருபது மாதங்கள்கூட ஆகாத நிலையில், 900 தொழிற்சாலைகளைத் தன்முன் நிறுத்திய நீதிமன்றம் அதனை நினைவுகூர்ந்திருப்பின், இன்று திண்டுக்கல்லில் அறுபது வயதைக் கடந்த தோல் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவத் தாள் இருந்திருக்கும்.

இழப்பீடும் அதே தடத்தில் சென்றது. தீர்ப்பின்வழி அமைந்த சூழல் இழப்பு ஈட்டு ஆணையம் 2001இல் வேலூர்ப் பகுதியில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று கணித்தது. அக்கணிப்பின் அளவுகோல் கெட்டுப்போன நிலம். நிலமற்றவருக்கு அந்த அளவுகோலில் இடம் ஏது? தோல் ஷாப்பில் ஈரத்தோலைச் சுமப்பவர் எந்த ஊரிலும் நிலமுடையோர் வரிசையில் நின்றவரல்லர். பெரும்பாலோர் தலித்துகள், நம் சபைகளின் மக்களும் அவர்களுள் அடங்குவர். தோலைத் தொடுவதால் தீட்டு என்று விலக்கிவைக்கப்பட்ட தலைமுறைகளின் பிள்ளைகள் அவர்கள். நிலத்தை அளவுகோலாகக் கொண்ட நீதி, எண்ணாமலே சாதியை எண்ணிவிடுகிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இப்பொருளில் மீண்டும் பேசி, இழப்பீடு தாமதிக்கக் கூடாதென்று ஆணையிட்டது. அந்தப் புதிய தீர்ப்பைத் தனியே வாசிக்க வேண்டும். இங்கே அதற்குள் நான் புகவில்லை.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு மிகவும் உறுத்துவது. தீர்ப்பு வலியுறுத்தியவற்றுள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதன்மையானவை. வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் ஏறுகிறது. எஞ்சியது நீரோடு செல்கிறது. நிலையம் அந்த நீரைத் தெளியவைத்து, குரோமியத்தைச் சேற்றில் இருத்துகிறது. நீர் தெளிந்தது, நல்லது. சேற்றை அள்ளுவது யார்? 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் உடைந்து, அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றிலிருந்து காக்கப்பட்ட நஞ்சு அவர்கள் படுக்கைக்கு அருகில் குவிக்கப்பட்டிருந்தது. அதே இராணிப்பேட்டையில்தான், டைகுரோமேட்டு தயாரித்து 1990களின் நடுவில் மூடப்பட்ட ஆலை ஒன்று இலட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுச் சென்றது. அதனால் கெட்ட நிலத்தடி நீரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் ஏராளம். அந்த ஆலையில் டைகுரோமேட்டை மூட்டை கட்டியவர்களின் மூக்கைப் பற்றிப் படிக்க விரும்புவோர் மிகவும் தேட வேண்டியிருக்கும்.

சூழலியல் எழுத்துக்கு மட்டும் உரிய குறை இது என்று எண்ணிவிடலாகாது. தொழிலாளரையே நடுவில் நிறுத்தி எழுதப்பட்ட ஓர் ஆவணத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நம் சபைகளின் வரலாற்றோடு அது நெருங்கிய தொடர்புடையது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரருகே ரதர்கிளென்னில் இயங்கிய வொயிட் குரோம் ஆலை, ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே பெரிது. அதன் உரிமையாளர் ஜான் கேம்பல் வொயிட், 1893இல் ஓவர்டவுன் பிரபு ஆனவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த ஸ்காட்லாந்து சுதந்தரத் திருச்சபையின் தூண்களுள் ஒருவர். மூடி, சாங்கி ஆகியோரின் எழுப்புதல் பணிக்குத் துணைநின்றவர். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தாங்கிய குழுவின் தலைவர். ஓய்வுநாள் ஆசரிப்பில் கண்டிப்பானவர். அவருடைய ஆலையில் ஆட்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஞாயிறும் விடாமல் வாரம் ஏழு நாளும் உழைத்தனர்; கைகளில் குழிப்புண், மூக்கில் துளை. 1899இல் கேர் ஹார்டி என்னும் தொழிலாளர் தலைவர் இதனை 'வொயிட் ஸ்லேவ்ஸ்' என்னும் துண்டு நூலாக வெளியிட்டார்.

குரோமியப் புண் அப்போது அறியப்படாத ஒன்றன்று என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அதே கிளாஸ்கோவில் மருத்துவர் வில்லியம் கியூமின், சாயத் தொழிலாளரின் கைகளில் இப்புண்ணைக் கண்டு எழுதியது 1827இல். ஹார்டி எழுதியபோது அந்த மருத்துவ அறிவுக்கு எழுபது வயது கடந்திருந்தது. திண்டுக்கல் முதியவர் கழியால் கிண்டியபோதோ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹார்டியின் நூலுக்குப் பயன் விளைந்தது. ஞாயிறு வேலை குறைந்தது, நிலைமை ஓரளவு சீர்பட்டது. ஊழியத்திற்குக் காணிக்கை தருபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் துணிவு நமக்கு இன்றும் அரிது. ஆகவே அந்நூலை மதிக்கிறேன். ஆனால் அதன் வலிமையே அதன் குறையாகவும் இருக்கிறது. அதன் சினம் முழுவதும் எஜமானின் மாய்மாலத்தின்மேல் செல்கிறது. பிரபு வேதப்பாடம் நடத்தாதவராக, மிஷனுக்குப் பணம் தராதவராக இருந்திருந்தால், தொழிலாளரின் மூக்கில் துளை சிறிதாகவா இருந்திருக்கும்? பக்தியுள்ளவரின் முகத்திரையைக் கிழிக்க அந்தப் புண்கள் சான்றுகளாக வேண்டப்பட்டன. தலைப்பிலேயே உரிமையாளரின் குடும்பப்பெயரை வைத்து ஆடிய சிலேடை ஒன்று உண்டு. வெள்ளையர் அடிமைகளாயினர் என்பதுதான் அதிர்ச்சி என்ற தொனியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வொயிட் ஆலையோ 1960களின் பிற்பகுதி வரை இயங்கியது. அது சுற்றுப்புறத்தில் கொட்டிய கழிவினால் அப்பகுதியின் ஓடை ஒன்று 2021ஆம் ஆண்டிலும் பச்சையாக ஓடியது. பிரபுவின் பெயர் கெட்டது. கழிவு அப்படியே இருந்தது.

ஆக, ஓர் ஆவணத்தில் தொழிலாளர் இல்லை. மற்றொன்றில் இருக்கிறார், ஆனால் பிறிதொருவர்மேல் தொடுத்த வழக்கின் சாட்சியாக. நம் திருமறை வாசிப்பும் இதற்கு விலக்கன்று. யோப்பாவில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். தீட்டுக்குரிய தொழிலாளியின் வீட்டில் தங்கியதால்தான் புறஜாதியாருக்கு வாசல் திறக்கும் தரிசனத்திற்குப் பேதுரு ஆயத்தமானார் என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். தலித் இறையியல் நோக்கில் அது பயனுள்ள விளக்கமும்கூட. ஆனால் அவ்விளக்கத்திலும் சீமோன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் வீடு பேதுருவின் பாடசாலை ஆகிறது, அவ்வளவே.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்திருந்தது. அந்நோயாளியைக் காணும் மருத்துவர் எவராயினும், தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுத்தால் அறிவிக்க வேண்டும், தவறினால் தண்டம். போபாலுக்குப் பின் 1987இல் வந்த திருத்தம், தோல் பதனிடுதலை ஆபத்தான செய்முறைகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய தொழிலில் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் ஆயிற்று. நீரில் கரையும் குரோமேட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று அளவும் குறிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில், 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. மின்விசையோடு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்று முன்பு கொள்ளப்பட்டது. இப்போது 20 பேர் வேண்டும். சிறிய ஷாப்புகளும் முலாம் பூசும் பட்டறைகளும் இக்கணக்கில் எங்கே நிற்கும் என்பதை நம் சபை மக்களுள் வழக்கறிஞராய் இருப்போர் பார்த்துச் சொல்வது நலம்.

முதியவரின் புண்ணை ஒரு மருத்துவரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். இருவர் பார்த்தார்களாம், களிம்பு தந்தார்களாம். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்களா என்றதற்குச் சிரித்தார். கிறிஸ்தவ மருத்துவமனைகள் பலவற்றை நடத்தும் நாம், அங்குள்ள புறநோயாளிச் சீட்டில் 'தொழில்' என்னும் இடம் எவ்வாறு நிரப்பப்படுகிறது என்று ஒரு பிற்பகல் பொழுது புரட்டிப் பார்க்கலாம். ஐரோப்பாவோ வாங்குவோரின் தோலைக் காப்பதில் விழிப்பாக இருக்கிறது. 2015 மே முதல் நாளிலிருந்து, உடலில் படும் தோற்பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டும் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் அங்கே விற்க இயலாது. திண்டுக்கல்லிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ செல்லும் தோல் அதற்கென ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது. செருப்பு அணியப்போகும் காலுக்காகத் தோல்துண்டு ஆய்வகம் செல்கிறது. அதைப் பதனிட்டவரின் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்க்க ஆளில்லை. தொழில்நுட்பம் இல்லாமையால் அன்று. குரோமியத்தைத் தோலில் மிகுதியாக ஏற்றிக் கழிவைக் குறைக்கும் முறைகளைச் சென்னையிலுள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்திருக்கிறது. மூக்கைப் பார்ப்பதற்கோ ஒரு விளக்கும் ஒரு மருத்துவரும் போதும்.

வாய் திறந்தால் ஷாப்பு மூடப்படும் என்னும் அச்சம் தொழிலாளரிடம் உண்டு, அது கற்பனையன்று. மாசுக்காக மூடப்பட்ட ஒவ்வொரு முறையும் முதலில் கூலி இழந்தவர் அவரே. உழவருக்குச் சார்பாகப் பேசும் ஆயரைத் தொழிலாளர் ஐயத்தோடு பார்ப்பதும் அதனால்தான். இருவரும் ஒரே சபையில் ஒரே விரிப்பில் அமர்கின்றனர் என்பது நம் ஊழியத்தின் சிக்கல். அந்தச் சிக்கலை மேலிருந்து பார்த்துத் தீர்க்க முடியாது.

பிறர் எழுதிய ஆவணங்களையே இதுவரை குறைகூறி வந்தேன். நான் எழுதிய ஆவணம் ஒன்றும் உண்டு. அம்முதியவர் இறந்தபோது சபையின் அடக்கப் பதிவேட்டில் அவரைப் பதிந்தவன் நானே. இக்கட்டுரைக்காக அப்பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். தொழில் என்னும் பத்தியில் 'கூலி' என்று எழுதியிருக்கிறேன். மரண காரணம் என்னும் பத்தியில் 'மூச்சுத்திணறல்.' அவர் சாவுக்குக் குரோமியம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை; அதைச் சொல்லவோ மறுக்கவோ இனி எவராலும் இயலாது, ஏனெனில் தேவைப்பட்ட ஒரு சொல்லை நான் எழுதவில்லை. அதே பக்கத்திலும் முந்தைய பக்கங்களிலும், எனக்கு முன்னிருந்த ஆயர்களின் கையெழுத்திலும் என் கையெழுத்திலுமாக, 'கூலி, நெஞ்சு நோய்', 'கூலி, காசம்', 'கூலி, இருமல்' என்று வரிகள் செல்கின்றன. அவர்களுள் யார் தோட்டக் கூலி, யார் ஷாப்புக் கூலி, ஷாப்பிலும் சுண்ணாம்புத் தொட்டியா, டிரம்மா, குரோம் காய்ச்சும் இடமா என்று அறிந்த முதியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கின்றனர். பதிவேட்டின் அந்தப் பத்தி அகலத்தில் ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதல். 'தோல் ஷாப்பு, குரோம் காய்ச்சுதல், 22 ஆண்டுகள்' என்று எழுத அது தாராளமாகப் போதும்; அளந்து பார்த்தேன்.